கையெழுத்து எங்கீங்க போடோணும்?

2011 ஆகஸ்ட்டில் கல்விக் கடனுக்காக வங்கிக்குப் போனபோது அப்பா கேட்ட ஒரே கேள்வி இதுதான். தாள் தாளாகப் பென்சிலில் பெருக்கல் குறி போட்டு வைத்திருந்தார்கள். குறி இருந்த இடத்திலெல்லாம் அப்பா கையெழுத்துப் போட்டார், அவருக்குக் கீழே நான் போட்டேன். வெளியே வந்ததும் அப்பா வேட்டி நுனியில் கையைத் துடைத்துக்கொண்டு, "படிச்சு முடிச்சு வேலைக்குப் போனதுக்கப்புறம்தான் கட்டோணுமாமா கண்ணு" என்றார். அவ்வளவுதான் எங்களுக்குப் புரிந்திருந்தது. அதுவும் பாதிதான் சரி.

எங்கள் ஊர் பள்ளிபாளையம். அப்பாவும் அம்மாவும் விசைத்தறி ஓட்டுகிறவர்கள். எங்கள் வீட்டில் கடன் என்றால் தறி அட்வான்ஸ்தான். பட்டறைக்காரரிடம் முன்பணம் வாங்கிக்கொண்டு தறியில் ஏறினால், அதை அடைக்கும் வரை வேறு பட்டறைக்குப் போக முடியாது. போக வேண்டுமென்றால் புதுப் பட்டறைக்காரர் பழைய அட்வான்ஸைக் கட்டி ஆளை எடுத்துக்கொள்ள வேண்டும். குடியிருந்ததும் பட்டறையோடு சேர்ந்த லைன் வீடு. தறியை விட்டால் வீட்டையும் விட வேண்டும். அப்படி ஒரு கடனுக்குள்ளேயே இருபது வருடம் இருந்தவருக்கு வங்கிக் கடன் சுதந்திரம் மாதிரித் தெரிந்ததில் ஆச்சரியம் இல்லை. அடியாள் வரமாட்டான், வீட்டு வாசலில் நின்று கத்தமாட்டான், அது போதும் என்று நினைத்தார்.

அந்தக் கடனும் லேசில் கிடைக்கவில்லை. முதல் தடவை போனபோது கவுன்ட்டரில் இருந்தவர் "என்ன சொத்து இருக்கு?" என்று கேட்டார். அப்பா பதில் சொல்லாமல் திரும்பி வந்துவிட்டார். ஒரு மாதம் அதைப் பற்றிப் பேசவே இல்லை. நான் படித்த அரசுப் பள்ளியின் கணக்கு டீச்சர்தான், 4 லட்சம் ரூபாய் வரை கல்விக் கடனுக்கு அடமானம் கேட்கக் கூடாது, நம் கையிலிருந்து முன்பணமும் போட வேண்டியதில்லை என்று சொல்லித் திருப்பி அனுப்பினார். இன்றைக்கும் பல கிளைகளில் அந்தச் "சொத்து இருக்கா" கேள்வி வருகிறது. கேட்டால் நின்று பதில் சொல்லுங்கள்: நான்கு லட்சத்துக்குள் சொத்தும் வேண்டாம், வெளியாள் ஜாமீனும் வேண்டாம், பெற்றோர் இணைக் கடன்தாரராக இருந்தால் போதும். மறுத்தால் எழுத்தில் மறுக்கச் சொல்லுங்கள். எழுத்தில் கேட்டால் பேச்சின் தொனியே மாறுகிறது, நான் பார்த்திருக்கிறேன்.

கவுன்சலிங்கில் ஒரு சுயநிதிக் கல்லூரி கிடைத்தது. முதல் பட்டதாரிச் சான்றிதழ் இருந்ததால் கல்விக் கட்டணத்தில் ஒரு பகுதி குறைந்தது. மீதிக் கட்டணத்துக்கும் விடுதிக்கும் வருடம் 65,000 ரூபாய் வீதம் நான்கு வருடத்துக்கு 2,60,000 ரூபாய் கடன். வட்டி 12.5 சதவீதம்.

இங்கேதான் நாங்கள் தவறவிட்ட விஷயம் இருக்கிறது, நிதானமாகச் சொல்கிறேன். தவணை கட்டத் தொடங்குவதுதான் படிப்பு முடிந்து ஒரு வருடம் கழித்து. வட்டி ஓடத் தொடங்குவது முதல் பணம் கல்லூரிக்குப் போன அன்றைக்கே. முதல் வருடம் வாங்கிய 65,000-க்கு ஐந்து வருட வட்டி, இரண்டாம் வருடத்ததற்கு நான்கு, அடுத்ததற்கு மூன்று, கடைசிக்கு இரண்டு. தனிவட்டிதான், ஆனாலும் கூட்டினால் 1,13,750 ரூபாய். 2016 ஆகஸ்ட்டில் வங்கியிலிருந்து வந்த தாளில் என் கடன் 3,74,000 ரூபாய் என்று இருந்தது. அதைக் கையில் வைத்துக்கொண்டு, தப்பாக அச்சடித்துவிட்டார்கள் என்று நான் உண்மையாகவே நம்பினேன்.

அந்த ஒரு லட்சத்துச் சொச்சம் நாங்கள் கட்டியிருக்கவே வேண்டாம் என்று பிறகுதான் தெரிந்தது. குடும்ப வருமானம் வருடத்துக்கு 4.5 லட்சத்துக்குள் இருந்தால், தொழிற்படிப்புக்கு வாங்கிய கடனில் படிப்புக் காலத்து வட்டியை மத்திய அரசே கட்டும் திட்டம் 2009-10 கல்வியாண்டிலிருந்து இருக்கிறது. அப்பா, அம்மா இருவர் கூலியையும் சேர்த்தாலும் அதில் பாதிகூட வராது. வட்டாட்சியர் அலுவலகத்தில் வாங்கிய வருமானச் சான்று என் பெட்டியிலேயே இருந்தது. வங்கியில் கொடுத்து, மானியத்துக்கு எழுதிப்போடச் சொல்ல வேண்டும், அவ்வளவுதான். யாரும் சொல்லவில்லை, எங்களுக்குக் கேட்கத் தெரியவில்லை. 2016-இல் நான் போய்க் கேட்டபோது, அந்த வருடங்களுக்கான கோரிக்கை அனுப்பும் காலம் முடிந்துவிட்டது என்றார்கள். மானியம் கிடைத்திருந்தால் 2,60,000-இலிருந்து தவணை தொடங்கியிருக்கும். ஏழு வருடத்துக்கு மாதம் சுமார் 4,660 ரூபாய். எனக்கு வந்தது 6,700.

மாதம் இரண்டாயிரம் பெரிய வித்தியாசமா என்று கேட்கலாம். என் முதல் சம்பளம் கையில் 15,500. சென்னை ஓ.எம்.ஆர். பக்கம் பெண்கள் விடுதிக்கு 5,500. தவணை 6,700. மீதி 3,300 ரூபாயில் பஸ், போன், இரவுச் சாப்பாடு, தீபாவளிக்கு ஊருக்குப் போகும் டிக்கெட். அந்த இரண்டாயிரம்தான் அன்றைக்கு என் சேமிப்பாக இருந்திருக்க முடியும். வீடு வாங்க முன்பணம் சேர்க்கத் தொடங்க வேண்டிய வயது அது. நான் தொடங்கியது ஐந்து வருடம் கழித்து. என் வயதுக்காரர்கள் பலர் வீடு வாங்கத் தாமதமாவதற்கு ஊதாரித்தனம்தான் காரணம் என்று பெரியவர்கள் பேசும்போது எனக்கு நெஞ்சு எரியும். முதல் ஐந்து வருடச் சம்பளம் எங்கே போனது என்று யாராவது உட்கார்ந்து கணக்குப் பார்த்திருக்கிறார்களா?

2017-இல் நான்கு பெண்கள் சேர்ந்து மேடவாக்கத்தில் வீடு பார்த்தோம். இரண்டு படுக்கையறை, வாடகை 14,000. அட்வான்ஸ் ஒரு லட்சம். அதற்கு முன்னால் பார்த்த இரண்டு வீட்டில் பத்து மாத வாடகை கேட்டார்கள், "பேச்சுலர் பொண்ணுங்களுக்குக் குடுக்கிறதில்லைம்மா" என்று இன்னொரு வீட்டில் கதவு சாத்தப்பட்டது. ஆளுக்கு 25,000 போட வேண்டும். அந்தப் பணத்துக்காக நான் தோழி ஒருத்தியிடம் கை நீட்டினேன், எட்டு மாதம் சிறிது சிறிதாகக் கொடுத்தேன். காலி செய்யும்போது வெள்ளையடிக்க என்று ஒரு மாத வாடகையைக் கழித்துக்கொண்டார்கள். எழுத்தில் ஒன்றுமே இல்லாததால் வாயைத் திறக்க முடியவில்லை.

இப்போது நிலைமை சட்டத்தின்படி வேறு. 2017-ஆம் ஆண்டின் தமிழ்நாடு வாடகைச் சட்டம் 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறையில் இருக்கிறது. ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும், வாடகை அதிகார அமைப்பில் பதிய வேண்டும். ஒப்பந்தத்தில் வேறு மாதிரி ஒத்துக்கொள்ளாத வரை மூன்று மாத வாடகைக்கு மேல் முன்பணம் வாங்கக் கூடாது. அந்த "வேறு மாதிரி ஒத்துக்கொண்டால்" என்ற வார்த்தைதான் ஓட்டை. அதனால் கையெழுத்துக்கு முன்பு பேச வேண்டும், பிறகு பேசிப் பயன் இல்லை. அட்வான்ஸ் எவ்வளவு, வெள்ளையடிக்கக் கழிப்பார்களா, காலி செய்து எத்தனை நாளில் திருப்பித் தருவார்கள் என்ற மூன்றையும் ஒப்பந்தத்திலேயே எழுதச் சொல்லுங்கள். குடிவந்த அன்றே சுவர், குழாய், சுவிட்ச் எல்லாவற்றையும் போனில் படம் எடுத்து வீட்டுக்காரருக்கும் அனுப்பிவிடுங்கள். சண்டைக்குப் போவதாக அவர் நினைக்கமாட்டார், இப்போது எல்லோரும் செய்கிறார்கள்.

2018 ஜனவரியில் வேலை போனது. புராஜெக்ட் முடிந்துவிட்டது, நீங்களே ராஜினாமா கொடுத்துவிடுங்கள் என்றார்கள். ஜனவரி, பிப்ரவரி, மார்ச் மூன்று தவணையும் கட்டவில்லை. வங்கியிலிருந்து வந்த போன்களை எடுக்கவில்லை. அதற்கு வெட்கம்தான் காரணம், வேறொன்றும் இல்லை. போனை எடுக்காததால் அவர்கள் அப்பாவைக் கூப்பிட்டார்கள். தறிச் சத்தத்தில் ஒன்றும் கேட்காமல் அவர் வெளியே ஓடிவந்து, "கட்டிப்போடறோமுங்க, பொண்ணு கட்டிப்போடுவாளுங்க" என்று திரும்பத் திரும்பச் சொன்னதை அம்மா பிறகு சொன்னார்.

அம்மா எங்கள் இருவருக்கும் தெரியாமல் குழுக்கடன் 30,000 எடுத்துவிட்டார். வாரத் தவணை. என் கடனின் வட்டியைப் போல இரண்டு மடங்கு. மகள் பெயர் கெட்டுவிடக் கூடாது என்று எடுத்தது, அதை நான் எப்படிக் கோபிக்க முடியும்? ஆனாலும் சொல்கிறேன், ஒரு கடனை அடைக்க அதைவிட வட்டி அதிகமான கடனை யார் வீட்டிலும் எடுக்கவிடாதீர்கள். அம்மாவிடம் நிலவரத்தை நான் முதல் வாரமே சொல்லியிருந்தால் அவர் எடுத்திருக்கமாட்டார். மறைத்தது நான்.

மார்ச் கடைசியில் தைரியம் வரவழைத்துக்கொண்டு கிளைக்குப் போனேன். புதிதாக வந்திருந்த பெண் மேலாளர், கணக்கைப் பார்த்துவிட்டு, "ஏம்மா, வேலை போன அன்னைக்கே வந்திருக்கலாமே?" என்றார். வேலையில்லாத காலத்துக்குத் தவணையைத் தள்ளிவைக்கக் கடன் திட்டத்திலேயே இடம் இருக்கிறது, கடன் காலத்துக்குள் இரண்டு மூன்று முறைகூடக் கேட்கலாம், திருப்பிக் கட்டும் காலத்தை 15 வருடம் வரை நீட்டித்துத் தவணையைக் குறைக்கவும் முடியும் என்று விளக்கினார். கட்டாமல் 90 நாள் தாண்டினால் வாராக்கடன் கணக்கில் போய்விடும், அதற்கு முன்பு வந்தால்தான் தன்னால் ஏதாவது செய்ய முடியும் என்றார். எனக்கு அப்போது இன்னும் சில நாட்கள்தான் பாக்கி இருந்தன. அதற்குள் புது வேலை உறுதியாகியிருந்ததால், அம்மா எடுத்த பணத்திலிருந்து பாக்கியைக் கட்டிக் கணக்கைச் சரிசெய்தோம்.

அவர் இன்னொன்றும் சொன்னார். அந்த வருடம் தம்பி கல்லூரியில் சேர வேண்டும். "உங்க அப்பாதான் ரெண்டு கடனுக்கும் இணைக் கடன்தாரர். உன் கணக்குல பாக்கி இருந்தா அது அவர் பேர்லயும் விழும். தம்பிக்குக் கடன் குடுக்கிறது கஷ்டமாயிடும்மா." இதை நான் யோசித்ததே இல்லை. அப்பா ஒரு ரூபாய் கடன் பாக்கி வைக்காதவர். என் மூன்று மாதம் அவர் பெயரில் ஏறியிருந்தது.

தம்பிக்கு அரசுக் கல்லூரியில் இடம் கிடைத்தது. கடன் 1,20,000-தான். இந்தத் தடவை வருமானச் சான்றை நானே எடுத்துக்கொண்டு போய், மானியத்துக்கான விண்ணப்பத்தையும் சேர்த்துக் கொடுத்து, வாங்கிக்கொண்டதற்கு முத்திரை போட்ட நகலையும் வாங்கினேன். ஒவ்வொரு வருடமும் கணக்கில் மானியம் வந்ததா என்று பார்த்தோம். ஒரு வருடம் வரவில்லை, நினைவூட்டி எழுதினோம், வந்தது. அவன் தவணை தொடங்கியபோது கடன் அதே 1,20,000. ஒரே வீடு, ஒரே வருமானம். ஒரு தாளைக் கொடுத்ததும் கொடுக்காததும்தான் வித்தியாசம்.

இப்போது சேருகிறவர்கள் இன்னும் கொஞ்சம் தெரிந்துகொள்ள வேண்டும். இந்த மானியம் 2018-க்குப் பிறகு அங்கீகாரத் தர மதிப்பீடு பெற்ற கல்லூரிகளுக்கும் படிப்புகளுக்கும்தான் என்று மாறிவிட்டது. கல்லூரியைத் தேர்வு செய்யும்போதே நாக் அல்லது என்.பி.ஏ. தகுதி இருக்கிறதா என்று பாருங்கள். 2024 நவம்பரில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் கொடுத்த பிரதமர் வித்யாலட்சுமி திட்டத்தில், தேர்ந்தெடுத்த முன்னணிக் கல்வி நிறுவனங்களில் படித்தால், 8 லட்சம் வரை வருமானம் உள்ள குடும்பங்களுக்கு 10 லட்சம் வரையிலான கடனில் படிப்புக் காலத்துக்கு 3 சதவீத வட்டிச் சலுகை உண்டு. நம் மாநிலத்தில் அரசுப் பள்ளியில் படித்து 7.5 சதவீத உள்ஒதுக்கீட்டில் தொழிற்கல்விக்குப் போகிறவர்களின் கட்டணத்தை அரசே ஏற்கிறது. கடன் படிவத்தைத் தொடும் முன்பு இவற்றைப் பார்த்துவிடுங்கள். வாங்காத கடனுக்கு வட்டி கிடையாது.

மானியம் கிடைக்காதவர்கள் படிக்கும்போதே மாதாமாதம் வட்டியை மட்டுமாவது கட்ட முடியுமா என்று பாருங்கள். 65,000-க்கு 12.5 சதவீதம் என்றால் மாதம் 677 ரூபாய். முதல் வருடம் அது என் வீட்டிலேயே முடிந்திருக்கும், கேட்டிருந்தால் அப்பா கொடுத்திருப்பார். அப்படிக் கட்டுகிறவர்களுக்குப் பல வங்கிகள் ஒரு சதவீதம் வட்டி குறைக்கின்றன.

புது வேலையில் சம்பளம் 27,000. 2018 ஜூலையிலிருந்து தவணை 6,700-உடன் 5,000 கூடுதலாகக் கட்டினேன். மாறும் வட்டியில் தனிநபர் வாங்கிய கடனை முன்கூட்டியே அடைத்தால் அபராதம் போடக் கூடாது என்று ரிசர்வ் வங்கி 2014-லேயே சொல்லியிருக்கிறது. அலுவலகத்தில் கணக்குப் பிரிவில் இருந்த அக்கா ஒருவர் சொல்லித்தான் அன்றைய வருமான வரிச் சட்டத்தின் 80இ பிரிவு தெரியும். பழைய வரி முறையில் கல்விக் கடன் வட்டி முழுவதையும், உச்சவரம்பு இல்லாமல், எட்டு வருடம் வரை வருமானத்திலிருந்து கழிக்கலாம். அசலுக்குக் கிடையாது. புதிய வரி முறையில் இந்தச் சலுகையே இல்லை, எனவே இரண்டிலும் கணக்குப் போட்டுப் பாருங்கள்.

2020 மார்ச்சில் கொரோனா வந்து, தவணையை ஆகஸ்ட் வரை தள்ளிப்போடலாம் என்றார்கள். உடன் வேலை செய்த பலரும் எடுத்துக்கொண்டார்கள். தவணை நின்றாலும் வட்டி நிற்காது என்று எனக்கு அதற்குள் தெரிந்திருந்தது. சம்பளம் வந்துகொண்டிருந்ததால் நான் நிறுத்தவில்லை. சம்பளம் நின்றவர்கள் எடுத்ததில் தப்பே இல்லை.

2021 ஜனவரியில் கடன் முடிந்தது. வாங்கியது 2,60,000. கட்டியது மொத்தம் 5 லட்சத்துக்கு மேல்.

அடுத்த மாதம் எனக்குக் கல்யாணம். அதற்கு முன்பே அடைத்தாக வேண்டும் என்று அம்மா ஒற்றைக்காலில் நின்றார். "கடனோட கட்டிக்குடுத்தா நாளைக்குப் பேச்சு வரும் சாமி" என்றார். ஆண்பிள்ளைக்குக் கடன் இருந்தால் படித்தவன் என்கிறார்கள், பெண்ணுக்கு இருந்தால் சுமை என்கிறார்கள். என்னோடு படித்த ஒருத்திக்கு நிச்சயதார்த்தத்துக்குப் பிறகு, கடனை யார் கட்டுவது என்ற பேச்சில் சம்பந்தம் நின்றுபோனது. அவள் சம்பாத்தியம், அவள் கடன், அவளிடம் யாரும் கேட்கவே இல்லை. பெண் பார்க்க வந்த அன்றே நான் அவரிடம் என் கடன் கணக்கைச் சொன்னேன். அவருக்கும் ஒரு கல்விக் கடன் இருந்தது, அவரும் சொன்னார். எங்கள் முதல் பேச்சே வட்டி விகிதம்தான். கல்யாணத்துக்குப் பிறகு எனக்கு அதில் ஒரு குறையும் தெரியவில்லை.

2023-இல் கூடுவாஞ்சேரியில் ஒரு பழைய அடுக்குமாடி வீடு பார்த்தோம். 48 லட்சம். இரண்டு பேர் சம்பளம் சேர்த்து 90,000. வங்கி 80 சதவீதம் வரை கடன் கொடுக்கும், அதாவது 38,40,000. மீதி 9,60,000 எங்கள் கையிலிருந்து. வீட்டு மதிப்பு அதோடு நின்றுவிடுகிறது, செலவு நிற்பதில்லை. முத்திரைத்தீர்வை 7 சதவீதம், பதிவுக்கட்டணம் 2 சதவீதம் என்று இன்னொரு 4,32,000. இதற்குக் கடன் கிடைக்காது. தரகர், வக்கீல் கருத்துரை, மதிப்பீடு, பத்திரத்தை வங்கியில் அடமானம் வைத்ததற்கான எம்.ஓ.டி. பதிவு எல்லாம் தனி. ஆக, "80 சதவீதம் பேங்க் குடுக்குது" என்று கேள்விப்பட்டுப் போகிறவர்கள் கையில் வீட்டு விலையில் மூன்றில் ஒரு பங்கு இல்லாமல் டோக்கன் அட்வான்ஸ் கொடுக்காதீர்கள். எங்கள் கையில் 7 லட்சம் இருந்தது.

வட்டி 8.75 சதவீதத்தில் இருபது வருடத் தவணை 33,900 வந்தது. அதே தெருவில் அதே அளவு வீட்டுக்கு வாடகை 13,000. அவருக்கு ஆசை. எனக்கும் இருந்தது, பொய் சொல்லமாட்டேன். அந்தச் சமயத்தில் அலுவலகத் தோழி ஒருத்தி தன் கடன் கணக்கைக் காட்டினாள். 2021-இல் 6.75 சதவீதத்தில் 30 லட்சம் எடுத்தவள். தவணை 22,800. 2022 மேயிலிருந்து 2023 பிப்ரவரிக்குள் ரெப்போ வட்டி, அதாவது வங்கிகளுக்கே ரிசர்வ் வங்கி போடும் வட்டி, 4-இலிருந்து 6.5 சதவீதத்துக்குப் போனது. அவள் வட்டியும் 9.25 ஆனது. தவணை மட்டும் மாறவில்லை, அதனால் அவளுக்கு ஒன்றும் உறைக்கவில்லை. பாக்கி 29 லட்சத்துக்கு மாத வட்டியே 22,350. மாதாமாதம் 22,800 கட்டியும் அசலில் ஐந்நூறு ரூபாய்கூடக் குறையாமல், கடன் காலம் அவள் ஓய்வு பெறும் வயதைத் தாண்டிப் போயிருந்தது. இப்படி வட்டி மாறும்போது தவணையைக் கூட்டுவதா, காலத்தை நீட்டுவதா என்று கடன் வாங்கியவரைக் கேட்க வேண்டும் என ரிசர்வ் வங்கி 2023 ஆகஸ்ட்டில் உத்தரவு போட்டது. வீட்டுக் கடன் வைத்திருப்பவர்கள் வருடம் ஒருமுறை கணக்கு விவரம் எடுத்து, மீதி எத்தனை மாதம் என்ற ஒரு எண்ணை மட்டுமாவது பாருங்கள்.

கூடுவாஞ்சேரி வீட்டை விட்டுவிட்டோம். அன்று இரவு நாங்கள் இரண்டு பேரும் சரியாகப் பேசிக்கொள்ளவில்லை.

அடுத்து வந்த பொங்கலுக்கு ஊருக்குப் போயிருந்தபோதுதான் எனக்குள் ஒன்று தெளிவானது. அப்பாவுக்குக் காது மந்தமாகிக்கொண்டு வந்தது, தறிச் சத்தம் வாங்கிக்கொண்ட காது. இன்னும் எத்தனை வருடம் தறி ஓட்டுவார்? தறியை விட்டால் லைன் வீடு போய்விடும். எங்களுக்கு வாடகை வீடு கிடைக்கும், அவர்களுக்கு? முதல் வீடு யாருக்கு வேண்டும் என்ற கேள்வியை நாங்கள் கேட்டுக்கொள்ளவே இல்லை. என் வீட்டுக்காரர் ஒரு நாள் யோசித்துவிட்டு, "மாமாவுக்கே முதல்ல கட்டிடலாம்" என்றார்.

ஊர்ப் பக்கத்தில் மனை தேடினோம். 5 லட்சத்துக்கு ஒன்று காட்டினார்கள். "பஞ்சாயத்து அப்ரூவல் இருக்குங்க" என்றார் தரகர். மனைப்பிரிவுக்கு அனுமதி கொடுக்கும் அதிகாரம் ஊராட்சித் தலைவருக்குக் கிடையாது. சென்னைக்கு வெளியே டி.டி.சி.பி. எனும் நகர் ஊரமைப்பு இயக்ககத்தின் அனுமதி வேண்டும். அனுமதியில்லாத மனைகளைப் பதியக் கூடாது என்று 2016 செப்டம்பரில் உயர் நீதிமன்றம் தடுத்த பிறகு, 2016 அக்டோபர் 20-க்கு முன்பு உருவான மனைகளுக்குத்தான் வரன்முறைப்படுத்த வழி விட்டார்கள். இந்த இடத்துக்கு அதுவும் இல்லை. விலை பாதியாக இருந்தால் ஏன் பாதி என்று கேட்க வேண்டும். பதிவுத்துறை இணையதளத்தில் வில்லங்கமும் வழிகாட்டி மதிப்பும் பார்த்து, பட்டாவைச் சரிபார்த்து, வக்கீலிடம் மூலப்பத்திரம் காட்டி, 2025 மேயில் 9 லட்சத்துக்கு அனுமதி பெற்ற 1,200 சதுர அடி மனை வாங்கினோம். அம்மா பெயரிலும் என் பெயரிலும் பதிந்தோம். 2025 ஏப்ரல் முதல் 10 லட்சத்துக்குள் உள்ள சொத்தைப் பெண்கள் பெயரில் பதிந்தால் பதிவுக்கட்டணத்தில் ஒரு சதவீதம் குறைவு. 9,000 ரூபாய் மிச்சம். கம்பிக்கு ஆனது.

வீடு கட்ட 15 லட்சம் கடன் கேட்டோம். பழைய கடன்களை எப்படிக் கட்டினேன் என்று பதிந்திருக்கும் என் சிபில் அறிக்கையை வங்கியில் திருப்பிக் காட்டினார்கள். ஏழு வருடத்துக்கு முந்தைய அந்த மூன்று மாதம் அதில் கட்டம் கட்டமாக அப்படியே இருந்தது. கடனை முழுதாக அடைத்த சான்றும், வேலை மாறிய தேதிகளும் கையில் இருந்ததால் விளக்கிச் சொல்ல முடிந்தது. பிறகு ஒரு தவணைகூடத் தவறவில்லை என்பதும் உதவியது. அடைத்து முடித்த கடனுக்குப் பாக்கியில்லாச் சான்று வாங்குங்கள், பத்திரமாக வையுங்கள். ஆறு மாதம் கழித்து சிபிலில் அந்தக் கணக்கு முடிந்ததாக ஏறியிருக்கிறதா என்றும் பாருங்கள். வருடத்துக்கு ஒரு முழு அறிக்கை இலவசம்.

8 சதவீதத்தில் பதினைந்து வருடம், தவணை 14,300. வேலை நடக்க நடக்கத்தான் பணம் விடுவார்கள், அதுவரை விட்ட பணத்துக்கு மட்டும் வட்டி.

கையெழுத்துப் போடும் நாளில் அம்மாவோடு அப்பாவும் வந்தார். புது வேட்டி. மேசை மேல் கட்டாகத் தாள்கள், ஒவ்வொன்றிலும் பென்சில் குறி. அதிகாரி பேனாவை அம்மாவிடம் நீட்டி, "குறி போட்ட இடத்திலெல்லாம் போடுங்கம்மா" என்றார். அம்மா மூடியைக் கழற்றினார்.

"கொஞ்சம் இருங்க" என்றார் அப்பா. நாற்காலியை மேசைப் பக்கம் இழுத்துப் போட்டு, நல்லாக் கேட்கும் காதைத் திருப்பி வைத்துக்கொண்டார். "இந்த வட்டி எப்பங்க ஏறும்? ஏறுனா எங்களுக்கு எப்படிச் சொல்லுவீங்க?"

அதிகாரி என்னைப் பார்த்தார், பிறகு அப்பாவைப் பார்த்தார். கட்டைப் பிரித்து ஏழாம் பக்கத்தை எடுத்து அப்பா பக்கம் திருப்பி வைத்து, முதல் வரியிலிருந்து சத்தமாகப் படிக்க ஆரம்பித்தார். அம்மா பேனாவை மூடிக் கையிலேயே வைத்துக்கொண்டார்.